அணியில் நிற்பவர் யார்?

‘ரேங்க் அண்ட் ஃபைல்’ என்ற சொல்லின் கதை

(வடலூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்புக்கு ஓர் ஆங்கிலச் சொற்றொடரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடவு முடித்துச் சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு நேரே வந்த தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். முதல் ஷிப்ட் முடிந்து டிபன் பாக்ஸுடன் வந்த தோழர்களும் இருக்கிறார்கள். “கூலியைப் பற்றிப் பேசாமல் நமக்கு எதற்கு இங்கிலீஷ் பாடம்?” என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் சுருக்கமானது. இந்தச் சொல் உங்களைப் பற்றிய சொல். நீங்கள் இல்லாத அறையில் உங்களைக் குறித்துப் பேசும்போது பயன்படுகிற சொல். உங்கள் கூலியும் அந்த அறையில்தான் முடிவாகிறது. ஆகவே சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சொல் ‘ரேங்க் அண்ட் ஃபைல்’. பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகி சங்கத் தலைவரைப் பார்த்துச் சொல்வார்: “உங்களுக்கும் எனக்கும் பிரச்சினையில்லை, உங்கள் ரேங்க் அண்ட் ஃபைலைத்தான் சமாளிக்க வேண்டும்.” ஆங்கிலப் பத்திரிகை எழுதும்: “தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ரேங்க் அண்ட் ஃபைல் ஏற்கவில்லை.” சங்கச் செயலாளர் அறிக்கை விடுவார்: “முடிவு ரேங்க் அண்ட் ஃபைலுக்குத் தெரிவிக்கப்படும்.” மூன்று இடத்திலும் சொல் ஒன்று. ஆனால் மூன்று பேரும் உங்களை ஒரே விதமாக நினைத்துத்தான் சொல்கிறார்களா? இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

நடவு வரிசையும் வரப்பு வரிசையும்

முதலில் சொல்லின் பொருள். ‘ரேங்க்’ என்றவுடன் பரீட்சையில் வாங்கும் ரேங்க், போலீஸில் இன்ஸ்பெக்டர் ரேங்க் என்று பதவியும் படிநிலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ‘ஃபைல்’ என்றால் ஆபீஸில் மேஜை மேஜையாக நகரும் காகிதக் கட்டு. இரண்டையும் சேர்த்தால் ‘பதவியும் காகிதமும்’ என்று பொருள் வருமோ என்று சிலர் குழம்புகிறார்கள். படித்தவர்களில் சிலர்கூட ‘ரேங்க்’ என்பது அதிகாரிகளையும் ‘ஃபைல்’ என்பது சிப்பாய்களையும் குறிக்கிறது, ஆக எல்லோரையும் சேர்த்துச் சொல்வது என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு.

இரண்டும் வரிசையைக் குறிக்கும் சொற்கள். பக்கத்துக்குப் பக்கம், தோளோடு தோள் நிற்கும் வரிசை ‘ரேங்க்’. ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக நிற்கும் வரிசை ‘ஃபைல்’. நடவு வயலில் தாய்மார்கள் குறுக்கே வரிசை கட்டிக் குனிந்து நடுகிறார்களே, அது ரேங்க். அதே தாய்மார்கள் வேலை முடிந்து வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வீடு திரும்புகிறார்களே, அது ஃபைல். சிப்பாய்களைக் குறுக்கு வரிசையாகவும் நெடுக்கு வரிசையாகவும் நிறுத்தினால் சதுரங்கக் கட்டம்போல் ஒரு படைப்பிரிவு உருவாகும். அந்தக் கட்டத்துக்குள் நிற்பவன் எவனோ அவனே ரேங்க் அண்ட் ஃபைல். கட்டத்துக்கு வெளியே, பக்கத்தில் நின்று கட்டளையிடுபவன் அதிகாரி. அவன் ரேங்க் அண்ட் ஃபைலில் சேரமாட்டான். பழைய பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் சாதாரண சிப்பாயும் கார்ப்போரலும் மட்டுமே இந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள். சார்ஜெண்டைக்கூட வேறு கலத்தில்தான் எழுதினார்கள்.

ஒரு சுவையான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபைல்’ என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் மூலப்பொருள் நூல், இழை. நூலில் மணி கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் சிப்பாய் வரிசைக்கும் அந்தப் பெயர். காகிதங்களை நூலில் கோத்து வைத்ததால் ஆபீஸ் ஃபைலுக்கும் அந்தப் பெயர். நாமும் அதைத் தமிழில் ‘கோப்பு’ என்கிறோம். கோப்பது கோப்பு. எங்கோ பிறந்த இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தில் சொல் படைத்திருக்கின்றன.

வரிசை ஏன் வேண்டியிருந்தது?

16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில ராணுவ எழுத்துகளில் இந்தச் சொல் புழங்கிவிட்டது. ராணுவத்துக்கு வரிசை ஏன் அவ்வளவு முக்கியம்? அழகுக்காக அல்ல, துப்பாக்கிக்காக.

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்துத்தான் சுட முடியும். நன்றாகப் பழகியவன்கூட ஒரு நிமிஷத்தில் இரண்டு, மூன்று முறை சுட்டால் பெரிது. குறியும் சரியாக இருக்காது. தனியாக நிற்பவன் சுட்டால் பயனில்லை. ஆனால் நூறு பேர் தோளோடு தோள் நின்று ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் சுட்டால் எதிரே எதுவும் நிற்காது. அடுத்த வரிசை சுடும்போது முதல் வரிசை மருந்து இடித்துக்கொள்ளும். முன் வரிசையில் ஒருவன் விழுந்தால் அவனுக்கு நேர் பின்னால் நிற்பவன் முன்னே வந்து அந்த இடத்தை அடைப்பான். வரிசை கலையாது.

இதன் பலன் நம் மண்ணிலேயே தெரிந்தது. 1746இல் சென்னைக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையுடன் நின்றான். எதிரே வந்த பிரெஞ்சுக்காரர்களின் படை ஆயிரம் பேர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். ஆற்றைக் கடந்து வந்து அந்தச் சிறிய படை பெரிய படையைச் சிதறடித்தது. நவாபின் வீரர்களுக்குத் தைரியம் குறைவில்லை. அவர்களுக்கு வரிசை இல்லை, அவ்வளவே.

இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய கடலூருக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்ந்த நிலம் எவ்வளவு? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை! அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமம்’ என்ற பெயரே வழங்கிற்று. அந்த ஊர்களில் உழுதவனையும் நட்டவளையும் யார் கேட்டார்கள்? ஒரு பீரங்கி கேட்டது, அதுவே பதிலும் சொல்லிக்கொண்டது.

அந்தப் புனித டேவிட் கோட்டைக்கு 1748 ஜனவரியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கில மேஜர் வந்து இறங்கினான். அப்போது சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்திருந்ததால் சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கம்பெனிக்கு கடலூர்தான் தலைமை இடம். கம்பெனியின் கலைந்து கிடந்த ஆட்களைக் கம்பெனிகளாகப் பிரித்து, பயிற்சி கொடுத்து, கட்டுப்பாடான படையாக்கியவன் இவன். ஆங்கிலேயர் இவனை ‘இந்திய ராணுவத்தின் தந்தை’ என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, இந்த ரேங்க் அண்ட் ஃபைல் நமக்குப் பத்திரிகையில் அறிமுகமாகும் முன்பே நம் கடலூர் மணலில் கால் ஊன்றிவிட்டது. கம்பெனிக் கொடியின் கீழ் அதில் நின்ற கருத்த கால்கள் நம் ஊர்க்காரர்களின் கால்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தான். இன்று இடிபாடுகள்தான் மிச்சம். ஆனால் வரிசை நிலைத்தது. அந்த வரிசையை வைத்துக்கொண்டுதான் ஒரு வியாபாரக் கம்பெனி இந்த நாட்டையே பிடித்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, தோழர்களே. பலம் வரிசையில் இருந்தது. ஆனால் பலத்தின் பலன் வரிசைக்கு வரவில்லை, கட்டளையிட்டவனுக்குப் போயிற்று. காரணம், எப்போது சுடுவது, யாரைச் சுடுவது, எதற்காகச் சுடுவது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றையும் வரிசையில் நிற்பவன் கேட்கக்கூடாது.

பெயர் ஒருவருக்கு, எண்ணிக்கை மற்றவருக்கு

சண்டை முடிந்ததும் தளபதி மேலிடத்துக்குக் கணக்கு எழுதுவான். இறந்த அதிகாரி யார், காயம்பட்ட அதிகாரி யார் என்று பெயர் பெயராக எழுதுவான். அடுத்த கலத்தில் சார்ஜெண்டுகள் இத்தனை, தமுக்கடிப்பவர்கள் இத்தனை என்று எழுதுவான். கடைசிக் கலத்தின் தலைப்பு ‘ரேங்க் அண்ட் ஃபைல்’. அதன் கீழே ஓர் எண் மட்டும் இருக்கும். குதிரைகளுக்கும் அதுபோல ஓர் எண். அந்தச் சொல்லுக்குள் விழுந்துவிட்டவனுக்குப் பெயர் கிடையாது.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ‘மஸ்டர் ரோல்’ என்ற சொல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆலையிலும் தெரியும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். அதுவும் ராணுவத்திலிருந்து வந்த சொல்தான். சிப்பாய்களைக் கூட்டி நிறுத்தித் தலை எண்ணிச் சம்பளம் போடும் பட்டியலுக்கு அந்தப் பெயர். இல்லாத ஆளை இருப்பதாக எழுதிச் சம்பளத்தை அமுக்கும் வித்தையும் அந்தக் காலத்துப் பட்டாளத்திலேயே பிரசித்தம். சொல் வந்தபோது வித்தையும் கூடவே வந்துவிட்டது போலிருக்கிறது! இன்றும் “எத்தனை ஆள் வந்தது?” என்று மேஸ்திரி கேட்கும்போது வந்தது ஆள்தான், பெயர் அல்ல.

வரிசை வாய் திறந்த நாள்

வரிசையில் நிற்பவன் பேசினால் என்ன நடக்கும்? 1806இல் வேலூரில் அதைப் பார்த்தோம்.

சென்னை ராணுவத்தின் தளபதி சர் ஜான் கிராடக், கவர்னர் வில்லியம் பெண்டிங். அணிவகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் குஞ்சம் வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். சிப்பாய்கள் மனம் கொதித்தார்கள். 1806 மே மாதத்தில் வேலூரில் ஒரு பிரிவினர் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். மறுத்ததற்குக் கிடைத்த பதில் ராணுவ விசாரணையும் சவுக்கடியும். ‘உங்கள் குறை என்ன?’ என்ற கேள்வி வரவில்லை. கேள்வி கேட்கும் வழக்கமே அந்த ஸ்தாபனத்தில் கிடையாது.

ஜூலை 10ஆம் தேதி அதிகாலையில் கோட்டைக்குள் கலகம் வெடித்தது. வெள்ளை அதிகாரிகளும் 69ஆவது ரெஜிமென்டைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். பகல் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் பிணமானார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பிற்பாடு பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஆனால் அந்தத் தலைப்பாகை உத்தரவு வாபஸாயிற்று. கிராடக்கும் பெண்டிங்கும் 1807இல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

மே மாதத்தில் காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஜூலையில் அத்தனை உயிர் போயிருக்காது. கீழே இருப்பவன் பேசுவதற்கு வழி வைக்காத ஸ்தாபனத்தில் அவன் பேச்சு ஒருநாள் வெடியாகத்தான் வெளிவரும். பட்டாளத்துக்கு மட்டும் பொருந்தும் பாடம் அல்ல இது.

தொழிலாளி எடுத்துக்கொண்ட சொல்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தச் சொல் பாசறையை விட்டு வெளியே வந்தது. அரசியல் கட்சிகளின் சாதாரண உறுப்பினர்களையும் பிறகு தொழிற்சங்க உறுப்பினர்களையும் குறிக்கலாயிற்று. பாசறையில் இருந்தபோது கட்டளைக்குக் காத்து நிற்பவன் என்று பொருள். சங்கத்துக்குள் வந்தபோது அதே பொருளோடுதான் வந்தது. அந்தப் பொருளைத் தலைகீழாகப் புரட்டியவர்கள் தொழிலாளர்கள்.

1912இல் தெற்கு வேல்ஸ் பகுதியில் டோனிபாண்டி என்ற ஊரிலிருந்து சுரங்கத் தொழிலாளர் குழு ஒன்று ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர்கள் நீண்ட போராட்டம் ஒன்றை நடத்தித் தோற்றிருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் முழுவதும் சில தலைவர்கள் கையில் சேர்ந்துவிட்டால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், முதலாளிக்கு அது வசதியாகப் போய்விடாதா? ஆயிரம் பேரிடம் பேசுவதைவிட நான்கு பேரிடம் பேசுவது முதலாளிக்குச் சுலபம் அல்லவா? ஆகவே முடிவு சுரங்கத்தில் இறங்குபவனிடம் இருக்க வேண்டும் என்றார்கள். நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகவே தெரியும்.

இன்னோர் உதாரணம் 1934இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ துறைமுகம். அங்கே மூட்டை இறக்கும் தொழிலாளிகள் தினமும் விடிகாலையில் கரையில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து ‘நீ வா, நீ போ’ என்று பொறுக்குவான். கைச்சூடு காட்டியவனுக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. நம் ஊர்களில் அதிகாலையில் வேலைக்காக முச்சந்தியில் நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுக்கும் கூடம் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும், கடற்கரை முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்று மே 9ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

ஜூன் 16ஆம் தேதி சங்கத்தின் அகில நாட்டுத் தலைவர் ஜோசப் ரயான் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ரேங்க் அண்ட் ஃபைல் அவர் சொன்னபடி திரும்பி நடக்கும் என்று அவரும் நம்பினார், முதலாளிகளும் நம்பினார்கள். தொழிலாளிகள் கூட்டம் கூடி அந்த ஒப்பந்தத்தைத் தள்ளினார்கள். தங்களிலிருந்தே தேர்ந்தெடுத்த போராட்டக் கமிட்டியை முன்னே வைத்துப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதில் முன்னின்ற ஹாரி பிரிட்ஜஸ் அவர்களோடு மூட்டை சுமந்தவர். ஜூலை 5ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதையடுத்து நகரமே நான்கு நாள் வேலையை நிறுத்தியது. முடிவில், அக்டோபரில் வந்த மத்தியஸ்தத் தீர்ப்பில் வேலைக் கூடத்தை இரு தரப்பும் சேர்ந்து நடத்தும், ஆளை அனுப்புகிறவரைச் சங்கமே நியமிக்கும் என்று ஆயிற்று. நாளொன்றுக்கு 6 மணி நேர வேலையும் கிடைத்தது. மேஸ்திரியின் பொறுக்கல் ஒழிந்தது. ஜூன் 16 கையெழுத்தோடு கலைந்து போயிருந்தால் இது கிடைத்திருக்குமா?

நம் நாட்டிலும் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்க நிர்வாகிகளில் பாதிப்பேராவது அந்தத் தொழிலில் உண்மையாக வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. கட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் மட்டுமே கட்டளையிடக் கூடாது என்ற எண்ணத்தை அந்நிய ஆட்சியின் சட்டம்கூட ஓரளவு ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது?

இந்தச் சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘அடிமட்டத் தொண்டர்’, ‘கீழ்மட்ட ஊழியர்’ என்றெல்லாம் பெயர்க்கின்றன. எழுதுகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சொல் தவறு. ‘அடிமட்டம்’ என்றால் ஏணி ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. உயரே ஒருவர், கீழே ஒருவர். ஆங்கிலச் சொல்லிலோ ஏணி இல்லை, வரிசை இருக்கிறது. வரிசைக்கு மேல்படியும் கீழ்படியும் கிடையாது.

இதற்கு நம்மிடம் பழைய, நல்ல சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘அணி’. வரிசை என்றும் அணி, படைவகுப்பு என்றும் அணி. நாம் தினம் பேசும் எத்தனையோ சொற்கள் இந்தப் படைச்சொல்லில் பிறந்தவை. படையின் முன்வரிசை முன்னணி, பின்வரிசை பின்னணி. சினிமாவில் பின்னணி பாடுகிறவருக்கு அந்தப் பெயர் போர்க்களத்திலிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பார்! தேர்தல் வந்தால் காதைத் துளைக்கும் ‘கூட்டணி’யும் அணிகள் கூடுவதுதான். ஆகவே ரேங்க் அண்ட் ஃபைல் என்பதை ‘அணியினர்’ என்று சொல்லுங்கள். ‘அணியினர் முடிவு செய்தார்கள்’ என்று எழுதுங்கள். ‘அடிமட்டத்துக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள்.

சொல்லைச் சோதிக்கும் விதம்

இனி யாராவது உங்களிடம் ரேங்க் அண்ட் ஃபைல் என்று சொன்னால் அதன் பின்னால் வரும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘சமாளிக்க வேண்டும்’, ‘அடக்கி வைக்க வேண்டும்’, ‘தெரிவிக்கப்படும்’ என்று வந்தால் அது பாசறைப் பேச்சு. பேசுகிறவர் முதலாளியானாலும் சரி, நம் சங்கத்துத் தலைவரானாலும் சரி. ‘கேட்க வேண்டும்’, ‘வாக்களித்தார்கள்’, ‘ஒப்புதல் கொடுத்தார்கள்’ என்று வந்தால் அது தொழிலாளியின் பேச்சு. ஒரே சொல்லை வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆலைத் தோழர்களே, போனஸ் ஒப்பந்தத்தின் நகல் கையெழுத்துக்கு முன்பு உங்கள் கைக்கு வருகிறதா, பின்பு வருகிறதா? அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா? கேட் மீட்டிங்கில் கை தூக்கச் சொன்னபோது எதிராகத் தூக்கியவனைப் பெயர் குறித்துக்கொள்ளாமல் விட்டார்களா? விவசாயத் தொழிலாளத் தோழர்களே, நடவுக்கூலி பேசப் போகும் ஐந்து பேரில் நடுகிற பெண் ஒருத்தியாவது உண்டா? கரும்பு வெட்டும் கூலியை மேஸ்திரி ஒருவரே பேசி முடித்துவிட்டு வந்து ‘இவ்வளவுதான்’ என்கிறாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் நீங்கள் எந்தப் பொருளில் ரேங்க் அண்ட் ஃபைல் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அணிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஒரே வாசலில் ஒரே சங்கு ஊதியதும் நுழைகிறார்கள் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும். ஒரே இயந்திரத்தில் நிற்கிறார்கள். சம்பளம் மட்டும் இரண்டு. நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தக்காரரைத் தன் வரிசையில் சேர்க்காவிட்டால் வேலைநிறுத்தத்தன்று என்ன நடக்கும்? வரிசையில் விழுந்த ஓட்டை வழியாகத்தான் எதிரி புகுவான் என்பது மஸ்கட் காலத்துப் பாடம். அந்த ஓட்டையை நாமே போட்டு வைக்கலாமா?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முடிவு எடுக்கும் உரிமை வேண்டும் என்பவனுக்கு முடிவின்படி நிற்கும் கடமையும் உண்டு. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. போனஸ் வாங்க முதல் ஆளாகவும் மறியலுக்குக் கடைசி ஆளாகவும் வருகிற பேர்வழிகளைப் பார்க்கும்போது அந்தப் பழமொழிதான் ஞாபகம் வருகிறது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாம், எதிர்த்து வாக்களிக்கலாம். பெரும்பான்மை முடிவு வந்த பிறகு வரிசையை விட்டு நழுவுவது ஜனநாயகம் ஆகாது. அடையாற்றில் 10,000 பேர் சிதறியது தைரியக் குறைவினால் அல்ல என்று சொன்னேனே, அதை மறக்கவேண்டாம்.

‘ஃபைல்’ என்ற பாதியையும் மறக்கவேண்டாம். தோளோடு தோள் நிற்கும் வரிசை இன்றைய பலம். முதுகுக்குப் பின் நிற்கும் வரிசை நாளைய பலம். முன்னே நிற்பவர் வேலைநீக்கம் ஆனால், சிறைக்குப் போனால், நோயில் விழுந்தால் அந்த இடத்துக்கு வர ஆள் இருக்கிறாரா? கணக்குப் பார்க்க, மனு எழுத, கூட்டம் நடத்தப் பழகிய இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் உங்கள் கிளையில் உண்டா? ஒரே தலைவரை நம்பி நிற்கும் சங்கம் ஒரே வேட்டுக்குத்தான் தாங்கும்.

பெயரோடு நிற்கும் வரிசை

கடைசியாக ஒரு வார்த்தை. ரேங்க் அண்ட் ஃபைல் என்றால் பெயரில்லாத எண்ணிக்கை என்று பார்த்தோம். 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். பழைய ராணுவக் கணக்காக இருந்தால் 44 என்று ஓர் எண்ணை எழுதி முடித்திருப்பார்கள். உழைக்கும் மக்கள் அப்படி விடவில்லை. அந்த மண்ணில் நிற்கும் நினைவுக் கல்லில் ஒவ்வொருவர் பெயரையும் பொறித்தார்கள். சொல்லின் பொருளை நாம் புரட்டிவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரிசை என்றால் அடிமைத்தனம் என்று ஆகவேண்டியதில்லை என்பதற்கு இந்த வடலூரே சாட்சி. 1867இல் வள்ளலார் இங்கே தருமச்சாலை தொடங்கினார். பசித்தவர் எந்தச் சாதி என்று கேட்காமல் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடும் வழக்கம் அன்றிலிருந்து நடக்கிறது. பந்தி என்பதும் வரிசைதான். அதில் முன்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு சோறு, பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒரு சோறு என்று இல்லை.

நம் சங்கத்து அணியும் அப்படி இருக்கட்டும், தோழர்களே. அடுத்த வாரம் கூலி பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் இன்றே உங்கள் முன் நின்று, எதைக் கேட்கப் போகிறார்கள், எதற்குக் கீழே இறங்கமாட்டார்கள் என்று சொல்லட்டும். நீங்கள் பேசுங்கள், பெண்கள் முதலில் பேசுங்கள். பேசி முடித்து வாக்கெடுப்பு நடக்கட்டும். முடிவான பிறகு ஓட்டை இல்லாமல் நில்லுங்கள். கேட்டு வந்த பதிலை மறுபடி இந்த அணியின் முன் வைத்த பிறகே கையெழுத்து என்று இன்றைக்கே தீர்மானம் எழுதுங்கள். அந்தத் தீர்மானத்தின் கீழ் ‘ரேங்க் அண்ட் ஃபைல்’ என்று எழுதவேண்டாம். அவரவர் பெயரை எழுதுங்கள்.